இரவல் பிள்ளை

இருங்கோ தம்பி, இருங்கோ. அந்தப் பையை நான் மடியில வச்சுக்கொள்ளுறன், நீங்கள் வடிவாக் காலை நீட்டுங்கோ. மில்டூரா மட்டுமோ? நானும் அங்க தான். நல்லதாப் போச்சு. ஷெப்பர்ட்டனில ஏறினதில இருந்து ஒரு தமிழ் முகம் வராதோ எண்டு பாத்துக்கொண்டு வந்தனான். நீங்கள் எச்சூக்காவில ஏறேக்கயே நினைச்சன், உது எங்கட பெடியன் தான் எண்டு. தமிழ்நாடோ? ஓ, திண்டுக்கல்லோ. நான் யாழ்ப்பாணம், கோண்டாவில். பேர் பரராஜசிங்கம். இஞ்ச வெள்ளையளுக்கு வாய் நோகும், பரா எண்டு தான் கூப்பிடுவினம்.

இந்தாங்கோ, ரோல்ஸ் எடுங்கோ. ஆட்டிறைச்சி போட்டது, சாப்பிடுவியள் தானே? என்ர மனிசி வதனி விடியவெள்ளன எழும்பிப் பொரிச்சது. மகனுக்கெண்டு தந்துவிட்டவ. ஐயோ, அதுக்கென்ன, எடுங்கோ! அவன் ஒண்டும் சொல்ல மாட்டான். பக்கத்தில ஒரு பிள்ளை பசியோட இருக்கேக்க பெட்டியை மூடி வச்சுக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது. அது என்ர பிறவிக்குணம்.

பையில என்ன எண்டு பாக்கிறியளோ? ஒரு ஜேர்சி. மெரூன் நிறம், முதுகில அஞ்சாம் நம்பர். என்ர மகன் நிரூஜன்ர. நேற்றுத் தோய்ச்சு அயன் பண்ணினனான். அவன் அதைப் போட்டு ஒரு வருசத்துக்கு மேலயாச்சு. எண்டாலும் நான் கிழமைக்கு ஒருக்காத் தோய்ப்பன். "ஊத்தையே படாத சட்டையை என்னத்துக்கு இந்த மனுசன் தோய்க்குது" எண்டு வதனி பேசுவா. பேசட்டும். எனக்கு அந்தச் சட்டையை விட்டா என்ன இருக்கு?

ரக்பி லீக் எண்டு ஒரு விளையாட்டு, கேள்விப்பட்டிருக்கிறியளோ? இல்லையோ? பரவாயில்லை, நானும் கேள்விப்பட்டிருக்கேல்லை. பக்கத்துக்குப் பதின்மூண்டு பேர். பந்தைக் கையில தூக்கிக்கொண்டு ஓடவேணும், மற்றவை மறிச்சு விழுத்துவினம். உங்கட ஊர்க் கபடியும் எங்கட ஊர்க் கிளித்தட்டும் ஒண்டாச் சேந்து, ஆளுக்கு நூறு கிலோவில வந்தா எப்பிடி இருக்கும், அது தான். கோட்டுக்கு அங்கால கொண்டுபோய் பந்தை நிலத்தில வச்சா டிரை எண்டுவாங்கள். சிட்னி, பிரிஸ்பேன் பக்கம் சனம் அதுக்கு உயிரை விடும். இஞ்ச விக்டோரியாவில நாய் கூடத் திரும்பிப் பாராது. இஞ்ச வேற ஃபுட்போல், அது தான் இவைக்கு வேதம்.

எங்கட லீக்கில அஞ்சே அஞ்சு கிளப். அஞ்சும் அஞ்சு திக்கில. ஒரு மச்சுக்கு அரைநாள் வான் ஓடவேணும். ஆர் விளையாடுறது எண்டு நினைக்கிறியள்? பழம் ரின்னில அடைக்கிற தொழிற்சாலையில என்னோட நிக்கிற சமோவாக்காரர், முந்திரிகைத் தோட்டத்துத் தொங்காக்காரர் (நீங்கள் திராட்சை எண்டுவியள்), இறைச்சிக் கொம்பனி மாவோரியள், ரெண்டு ஆப்கான் பெடியள், ஒரு தபால்காரன். ஒருத்தருக்கும் ஒரு சதம் கிடையாது. சனிக்கிழமை ஷிஃப்ற் விழுந்தா ஆள் வராது. மனிசிக்குப் பிள்ளை பிறந்தா வராது. ஒரு கார் பழுதாப் போனா நாலு பேர் ஒண்டா வராயினம்.

பதின்மூண்டு பேர் இல்லாட்டி சட்டப்படி மச் இல்லை. வாக்ஓவர், மற்றப் பக்கம் விளையாடாமலே வெண்ட கணக்கு. அரைநாள் ஓடி வந்தவன் வந்த வழியே திரும்பிப் போகவேண்டியது தான். அதுக்காக எங்களிட்ட ஒரு வழக்கம். மற்றப் பக்கத்துக்கு ஆள் குறைஞ்சா, கூட ஆள் வச்சிருக்கிற பக்கம் இரவல் குடுக்கும். இரவல் போன பெடியன் அண்டைக்கு அவங்கட ஜேர்சியைப் போட்டு, அவங்களுக்காக முழுமனசோட விளையாடவேணும். தன்ர கிளப் எண்டு பாத்துக் கையை விட்டானெண்டா மானக்கேடு. மச் முடிய ஜேர்சியைக் கழட்டிக் குடுத்திட்டு எங்கட பக்கம் வந்திருந்து சாப்பிடுவான். சிட்னியில உப்பிடி இல்லை. இது ஆள் இல்லாத இடத்து வழக்கம். எவ்வளவு வடிவான வழக்கம், சொல்லுங்கோ!

ஆரைக் குடுக்கிறது எண்டு முடிவெடுக்கிறது மனேஜர். மனேஜர் ஆரெண்டா நான். சிரிக்காதேங்கோ. அந்தப் பந்தை நான் கையால தொட்டதில்லை. நிரூஜன் விளையாடப் போறான் எண்டு பாக்கப் போன இடத்தில ஒரு பெட்டி ரோல்ஸ் கொண்டுபோனன். அடுத்த கிழமை வான் ஓட ஆள் இல்லை எண்டாங்கள், ஓடினன். அப்பிடியே தலையில கட்டிப்போட்டாங்கள். எனக்கு ரெண்டு விசயம் தான் தெரியும். நேரத்துக்குப் போறது, ஓரவஞ்சகம் செய்யாமல் இருக்கிறது.

இப்ப நீங்களே சொல்லுங்கோ. மற்றவனுக்கு ஒராள் வேணும். என்ர மகனும் அந்த வரிசையில நிக்கிறான். ஊரான் பிள்ளையைப் பாத்து "நீ போ" எண்டு சொல்லிப்போட்டு என்ரயை நான் வச்சுக்கொண்டு இருந்தா சனம் என்ன கதைக்கும்? "பரா தன்ர மகனுக்கு இடம் பிடிக்கிறான்" எண்டு முகத்துக்கு நேர சொல்லாயினம், வானுக்குப் பின்னால நிண்டு சொல்லுவினம். அந்தக் கதைக்கு நான் இடம் வைக்கேல்லை. ஆள் வேணுமெண்டு ஆர் வந்தாலும் சரி, அவன் வாய் திறக்க முன்னமே சொல்லிப்போடுவன், "நிரூஜன், நீ போ அப்பு."

அவன் போவான். முதல் தரம் மட்டும் "ஏனப்பா நான்?" எண்டு கேட்டவன். "நீ என்ர பிள்ளை, அதால தான்" எண்டன். பேந்து கேக்கேல்லை. தங்கமான பிள்ளை, தம்பி. போன சீசன் முழுக்க அவன் நீலம் போட்டான், கறுப்புப் போட்டான், மஞ்சள் போட்டான். எங்கட மெரூன் போட்டது மூண்டோ நாலோ மச் தான். மற்றக் கிளப்பு மனேஜர்மார் என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கி, "பரா, நீ மனுசன்" எண்டுவாங்கள். எனக்கெண்டா சரியான பெருமை.

இன்னொண்டு எடுங்கோ. எடுங்கோ எண்டுறன்!

மெல்லிசான பெடியன். ஆனா ஓடுவான் எண்டா அப்பிடி ஓடுவான், அந்தப் பெரிய உடம்புக்காரருக்குக் கிட்டவும் போகேலாது. சின்னனிலயே அந்த ஓட்டம். கோண்டாவிலில என்ர அக்கா வீட்டில வளரேக்க, பிளேன் சத்தம் கேட்டா விளையாட்டை விட்டிட்டு ஒழுங்கை முகப்பு வரைக்கும் ஓடுவானாம். ஒவ்வொரு பிளேனுக்கும் ஓடுவானாம். அக்கா சொல்லிச் சிரிப்பா. அந்தப் பழக்கத்தில வந்த வேகம் தான் பேந்து இஞ்ச உதவினது.

ஏன் அக்கா வீட்டில வளந்தவன் எண்டு கேக்கிறியளோ? மலரக்காவுக்குப் பிள்ளையள் இல்லை. அத்தானும் செத்துப் போக வீடு வெறிச்சோடிப் போச்சு. நானும் வதனியும் இஞ்ச வர வெளிக்கிட்ட நேரம் இவனுக்கு அஞ்சு வயசு. "கொஞ்சக் காலம் உங்களோட நிக்கட்டும் அக்கா" எண்டு விட்டிட்டு வந்தன். அடுத்தடுத்த வருசமே அவனுக்கு விசா சரிவந்திட்டுது. ஆனா அக்கா ரெலிபோனில குழறி அழுதா. "இன்னும் கொஞ்ச நாள் விடடா, இவன் இல்லாட்டி நான் செத்துப்போவன்" எண்டா. கூடப்பிறந்தவ அழேக்க பிள்ளையைப் பறிச்செடுக்க மனம் வருமே? வதனி சன்னதம் ஆடினவ தான். நான் விட்டுக்குடுக்கேல்லை. அப்பிடி இப்பிடி அவன் இஞ்ச வந்து சேரேக்கப் பத்து வயசாப் போச்சு. மெல்பேர்ண் எயாப்போட்டில என்னை மேலயும் கீழயும் பாத்திட்டு, "நீங்கள் தானே அப்பா?" எண்டு கேட்டான். நான் வயிறு நோகச் சிரிச்சன். இப்பவும் ஆரும் வந்தா அந்தக் கதையைச் சொல்லுவன். வதனி மட்டும் எழும்பிக் குசினிக்குள்ள போயிடுவா.

சரி, எங்க விட்டனான்? ஓம், கடைசி மச்.

போன வருசம் ஓகஸ்ட். எங்கட கிறவுண்ட். வெண்டாப் பைனலுக்குப் போகலாம். எங்கட கிளப் தொடங்கினதில இருந்து பைனலைக் கண்ணால காணேல்லை. அண்டைக்கு வதனியும் வந்தவ, முதல் முதலா. மடிக்கிற கதிரை, போர்வை, பிளாஸ்கில தேத்தண்ணி, எல்லாம் கொண்டு. காலமை வானுக்குள்ள நிரூஜன் எனக்குப் பக்கத்தில இருந்தவன். கண்ணாடிக்கு வெளியால பாத்துக்கொண்டு சொன்னான், "அப்பா, இண்டைக்கு அம்மா வாறா. இண்டைக்கு மட்டும் என்னைக் குடுக்காதேங்கோ." நான் சிரிச்சுப்போட்டு "பாப்பம்" எண்டன். மற்றவன் ஆள் குறைய வருவான் எண்டு ஆர் கண்டது?

வந்தாங்களே! இந்த மில்டூராக்காரர். ஒரு கார் வழியில நிண்டிட்டுதாம். எங்கெங்கயோ ஆள் பிடிச்சும் ஒராள் காணாது. அவங்கட கோச் விலியாமி எண்டு ஒரு தொங்காக்காரன். முந்திரிகைத் தோட்டத்தில கங்காணி வேலை. வாசல் கதவு மாதிரி ஆள். தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு வந்து, "பரா, ஒராள் குறையுது" எண்டான். எங்கட பெடியள் ஆள் குடுக்காதேங்கோ எண்டு சத்தம். வாக்ஓவர் எடுத்தாச் சும்மா பைனல் போகலாம் தானே. அஞ்சு மணித்தியாலம் ஓடி வந்தவனை உப்பிடிக் கலைச்சு ஒரு பைனல் எனக்கு வேணுமே? "குடுக்கிறன்" எண்டன். தபால்காரன் டேமியன் உடன எழும்பி "நான் போறன் பரா" எண்டான். அவனுக்கு முழங்கால் சரியில்லை. நொண்டியைக் குடுத்து பரா ஏமாத்திப்போட்டான் எண்டு நாளைக்கு லீக் முழுக்கக் கதை வரும். குடுக்கிறதெண்டா நல்லதைக் குடுக்கவேணும், இல்லையோ?

நான் அவன்ர பேரைச் சொல்லவும் இல்லை தம்பி. திரும்பிப் பாத்தன், அவ்வளவு தான். அவன் எழும்பி மெரூன் ஜேர்சியைக் கழட்டினான். கடையில வச்ச மாதிரி வடிவா மடிச்சு என்ர கையில தந்தான். குளிர் எலும்புக்குள்ள போகுது, அவன் மேலில ஒண்டும் இல்லாமல் கிறவுண்டைக் குறுக்கறுத்து நடந்து போய்ப் பச்சை ஜேர்சியைப் போட்டான். இஞ்சால வதனி என்ன செய்தவ தெரியுமே? கதிரையை மடிச்சுத் தூக்கிக்கொண்டு போய் அங்கால, அவங்கட பக்கத்தில போட்டு இருந்தா. மனேஜர்ர மனிசி! சனம் பாக்குது. எனக்கு வெக்கமாப் போச்சு.

மூண்டு டிரை வச்சான். எங்களுக்கு எதிரா, மூண்டு. நான் கைதட்டினன், மெய்யாத் தட்டினன். எங்கட பெடியள் என்னை ஒரு பார்வை பாத்தாங்கள். தோத்துப் போனம். போகட்டும், விளையாட்டு தானே. மச் முடிய ரோல்ஸ் பெட்டியைத் திறந்து வச்சுக்கொண்டு நிக்கிறன், வந்திடுவான் எண்டு. வரேல்லை. விலியாமி அந்தப் பச்சை ஜேர்சியைத் திருப்பிக் கேக்கேல்லை, பாருங்கோ, அங்க தான் களவு தொடங்கினது. என்ர பிள்ளை அதைப் போட்டபடியே அவங்கட வானில ஏறி இருந்தான். நான் கதவடிக்குப் போய் "நிரூஜன், இறங்கு அப்பு, வீட்ட போவம்" எண்டன். அவன் கோபப்படேல்லை. "இல்லையப்பா, நான் இவையோட போறன்" எண்டான். வான் வெளிக்கிட்டு வாசல் தாண்ட முன்னம் வதனி ஓடிப் போய் தன்ர போர்வையை ஜன்னலால குடுத்தா. அவ அவனைத் தடுக்கேல்லை, தம்பி! பெத்த தாய், ஒரு சொல்லு "போகாதை" எண்டு சொல்லேல்லை.

அண்டைக்கு வீட்ட வந்து அவன்ர அறையில லைற்றைப் போட்டுக்கொண்டு இருந்து அழுதன். ஆம்பிளை அழக்கூடாது எண்டுவினம், அதெல்லாம் சும்மா கதை. நெஞ்சுக்குள்ள கையை விட்டு எதையோ பிடுங்கி எடுத்த மாதிரி. இப்ப அவன் விலியாமி வீட்டில தான் இருக்கிறான், அவனோட தோட்டத்தில வேலை. நான் ரெலிபோன் எடுத்தாக் கதைக்க மாட்டான். வதனியோட மட்டும் கதைப்பான். அவ குளியலறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கதைப்பா. சிரிச்சுக் கேக்கும். நான் கதவைத் தட்டினா சத்தம் நிண்டிடும்.

நான் என்ன பிழை விட்டனான்? மனம்விட்டுச் சொல்லுங்கோ. அடிச்சனோ? பேசினனோ? கேட்டதை வாங்கிக் குடுக்கேல்லையோ? எல்லாம் அந்த விலியாமி. நல்ல பெடியன், நல்லா ஓடுறான் எண்டு கண்டவுடன மயக்கிப் பிடிச்சு வச்சிட்டான்.

மூண்டு கிழமைக்கு முன்னம் நடந்ததைக் கேளுங்கோ, அப்ப உங்களுக்கு விளங்கும். இந்த சீசன் எங்களிட்ட ஆளே இல்லை. கனபேர் விட்டிட்டுப் போட்டாங்கள், ஏனெண்டு தெரியாது. அண்டைக்கு மில்டூராவில மச். வெளிக்கிடேக்க ஒருத்தன் காய்ச்சல் எண்டு ரெலிபோன் எடுத்தான். உண்மையச் சொல்லுறன், எனக்கு உள்ளுக்க ஒரே சந்தோசம். பன்ரண்டு பேர்! வழக்கப்படி அவங்கள் ஒராள் தரவேணும். வழி முழுக்க இந்தப் பையை மடியில வச்சுக்கொண்டு போனன். நானே வான் ஓடிக்கொண்டு, மடியில பை.

போன உடன நேர விலியாமியிட்டப் போனன். "எங்களுக்கு ஒராள் குறையுது. என்ர மகனைத் தா. அவன்ர ஜேர்சியும் கொண்டு வந்திருக்கிறன்" எண்டன். அவங்கட பெடியள் எல்லாரும் நிலத்தில இருந்து பூட்ஸ் கட்டுறாங்கள். நிரூஜனும். விலியாமி என்னை மரியாதையாத் தான் பாத்தான். "பரா, ஆரையெண்டாலும் கொண்டுபோ. ரெண்டு பேர் வேணுமெண்டாலும் கொண்டுபோ. நானே வாறன். நிரூவை நான் குடுக்க மாட்டன்" எண்டான். "ஏன்?" எண்டன். "குடுக்க மாட்டன்" எண்டான். திருப்பித் திருப்பி அது தான்.

எவ்வளவு கஞ்சத்தனம் எண்டு பாத்தியளோ! நான் அவனுக்கு எத்தினை தரம் குடுத்திருப்பன்! கேக்க முன்னமே குடுத்தனான்! அவன் எனக்கு ஒருக்காத் தர மாட்டானாம்.

நிரூஜனுக்கு அது கேட்டது. பூட்ஸ் நாடா அவிண்டபடி அவன் அப்பிடியே முழங்காலில நிண்டான். பேந்து பச்சை ஜேர்சியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினான். எயாப்போட்டில வந்திறங்கேக்கயும் அழாத பிள்ளை, அக்கா செத்த செய்திக்கும் அழாத பிள்ளை. அந்த விலியாமி போய் அவன்ர தலையில கையை வச்சான். எனக்குத் தெரியும் தம்பி, பெத்தவனுக்குத் தெரியும். அவன் என்னட்ட வரத் தான் அழுதவன். விடேல்லை.

விலியாமி சொன்னபடி தானே எங்கட பக்கம் விளையாட வந்தான், அம்பது வயசில. அஞ்சாம் நம்பரைக் கேட்டான். அதை மட்டும் நான் குடுக்கேல்லை. வேற ஒண்டை எடுத்துக் குடுத்தன். மச் முடிய நிரூஜன் ஒருக்காக் கிட்ட வந்தவன். "அப்பா, குளிருது, ஜக்கெற்றைப் போடுங்கோ" எண்டான். ஒரு வருசத்துக்குப் பிறகு என்னோட பேசினது அது தான். ஜக்கெற்றைப் போட்டிட்டு நிமிந்து பாத்தா ஆள் இல்லை.

அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு எட்டுப் பேர் தான் வந்தாங்கள். அண்டைக்கே கிளப்பை மூடியாச்சு. வானையும் பந்துகளையும் பெண்டிகோப் பக்கம் ஒரு புதுக் கிளப்புக்குச் சும்மா குடுத்திட்டன், பாவங்கள். அதால தான் இப்ப பஸ்ஸில. நாளைக்கு மில்டூராக்காரருக்குப் பைனல். அவன் பச்சையோட ஓடுவான், நான் ஓரத்தில நிண்டு பாப்பன். வதனி வரேல்லை. "நான் வந்தா உங்களோட நிக்கமாட்டன், வீணா ஏன்" எண்டா.

அந்தா வெளிச்சம் தெரியுது, மில்டூரா வந்திட்டுது. இந்தாங்கோ, கடைசி ரோல்ஸ், இதையும் நீங்கள் எடுங்கோ. வெறும் பெட்டியைக் காவிக்கொண்டு போறதே? அவன் ஒண்டும் நினைக்க மாட்டான், பழக்கம் தானே.

தம்பி, குறை நினைக்காதேங்கோ, ஒரு உதவி. உங்களுக்கு இங்கிலிஷ் வடிவா வரும். எனக்குக் கோபம் வந்தா ஒண்டும் வராது. நாளைக்குக் கிறவுண்டுக்கு ஒருக்கா என்னோட வாங்கோவன். அந்த விலியாமியிட்ட எனக்காக ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. விளையாடவும் வேண்டாம், எங்களிட்டக் கிளப்பும் இல்லைத் தானே. சும்மா ஒரு நாளைக்கு, வீட்ட வந்து தாயோட இருந்து ஒரு நேரம் சாப்பிட. இரவலாத் தந்தாலும் போதும் எண்டு சொல்லுங்கோ. பயப்பட வேண்டாம், கட்டாயம் திருப்பிக் குடுப்பன் எண்டு சொல்லுங்கோ. பராவிட்ட வந்த பிள்ளையைப் பரா வச்சுக்கொண்டதில்லை, லீக்கில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்.